அந்த இடம்

கச்சேரி முடிந்து வெளியே வரும்போது நம்மவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். ராகத்தின் பேரைச் சொல்ல மாட்டார்கள், சில சமயம் பாட்டின் பேரைக்கூடச் சொல்ல மாட்டார்கள். "அந்த இடத்துல ஒரு பிடி பிடிச்சார் பாருங்க" என்பார்கள், கூட வருபவருக்கும் எந்த இடம் என்று தெரிந்திருக்கும். நாங்கள் நாலு பேர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் மாடி அறையில் உட்கார்ந்து ஜாஸ் கேட்கிறோம், எங்களுக்கு இருக்கும் ஒரே விதி இதுதான். ஆளுக்கு ஒரு பாட்டு கொண்டுவரலாம். ஆனால் முதலில் இடத்தைச் சொல்ல வேண்டும். எத்தனையாவது நிமிஷம், யார் வாசிக்கும்போது, அங்கே என்ன நடக்கிறது. மற்ற கதையெல்லாம் அப்புறம்.

விதி வந்ததற்குக் காரணம் கீழ்வீட்டு டீச்சர். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், மார்கழிக் கச்சேரிகளை ஒன்று விடாமல் கேட்பவர். என் அறையிலிருந்து சாக்சபோன் சத்தம் கேட்டு ஒருநாள் படியேறி வந்து உட்கார்ந்தார். நான் ஆர்வத்தில் நியூ ஆர்லியன்ஸ், சிகாகோ, ஹார்லெம், பிபாப் என்று வரலாற்றைச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். பொறுமையாகக் கேட்டவர், "அதெல்லாம் சரிப்பா, இப்ப ஓடிட்டு இருக்கே, இதுல நான் எதைக் கேக்கணும்? எந்த இடம்?" என்றார். அதற்கு முன் எத்தனையோ நண்பர்களுக்குப் பத்து ஆல்பம், இருபது கலைஞர்கள் என்று பட்டியல் எழுதிக் கொடுத்திருக்கிறேன், ஒருவர்கூடத் திரும்பி வந்து பேசியதில்லை. பட்டியலைப் பிடித்துக்கொண்டு யாராலும் பாட்டுக்குள் நுழைய முடியாது. ஒரே ஒரு இடம் பிடிபட்டால் போதும், அங்கிருந்து காது தானாக முன்னும் பின்னும் போகும்.

அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்தது மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பத்தின் முதல் பாட்டு, 'ஸோ வாட்'. 1959 மார்ச் 2-ம் தேதி நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனத்தின் 30-வது தெரு ஸ்டூடியோவில் பதிவானது. பழைய தேவாலயக் கட்டிடம், உயரமான கூரை, அந்தக் காற்றோட்டம் பதிவிலேயே கேட்கும். பியானோவும் டபுள் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியமும் தாளமில்லாமல் மெதுவாகத் தடவிப் பார்ப்பதுபோல் ஆரம்பிக்கும். பிறகு பேஸ் வாசிக்கும் பால் சேம்பர்ஸ் ஒரு கேள்வி கேட்பார், மற்றவர்கள் இரண்டே அழுத்தத்தில் பதில் சொல்வார்கள். கேள்வி, பதில், கேள்வி, பதில். ஒன்றரை நிமிஷம் வாக்கில் மைல்ஸ் டிரம்பெட்டை எடுக்கும் அந்த நொடியில் டிரம்ஸ் வாசிக்கும் ஜிம்மி காப் சிம்பல் தட்டில் ஒரு அடி அடிப்பார். அந்த ஒலி உடனே நின்றுவிடாது, மைல்ஸின் முதல் வாக்கியத்துக்குப் பின்னால் அப்படியே கரைந்துகொண்டே போகும். "இந்த இடம்" என்றேன். டீச்சர் அதை மூன்று தடவை போடச் சொல்லிக் கேட்டார்.

அப்புறம் அவர் செய்ததுதான் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. கீழே போய் எலக்ட்ரானிக் சுருதிப்பெட்டியை எடுத்து வந்து இரண்டு கட்டைச் சுருதியில் வைத்தார். "கரஹரப்ரியாப்பா இது" என்றார். உண்மைதான். ஜாஸ்காரர்கள் டோரியன் என்று சொல்லும் அடுக்கின் ஸ்வரங்கள் நம் கரஹரப்ரியா ராகத்தின் ஸ்வரங்களேதான், ஸ்வரத்தை அசைக்கும் கமகம் கிடையாது, அவ்வளவுதான். பாட்டின் ஒரு சுற்று 32 பார், பார் என்றால் நாலு எண்ணிக்கை. முதல் பதினாறு இரண்டு கட்டையில், அடுத்த எட்டு மட்டும் எல்லாரும் சேர்ந்து இரண்டரைக் கட்டைக்கு ஏறுவார்கள், கடைசி எட்டில் திரும்ப இறங்கிவிடுவார்கள். சாக்சபோனில் கோல்ட்ரேன், கேனன்பால் ஆடர்லி, பியானோவில் பில் எவன்ஸ் என்று ஒவ்வொருவரும் தனியாக வாசிக்கும்போதும் இந்த ஏற்ற இறக்கம் மாறாது. இதைப் பிடித்துக்கொண்டால் ஒன்பது நிமிஷப் பாட்டில் எங்கேயும் வழி தவறாது.

இன்னொன்றும் அந்தச் சுருதிப்பெட்டியால் தெரிந்தது. என்னிடம் இதே ஆல்பத்தின் பழைய குறுந்தகடு ஒன்று உண்டு, அதைப் போட்டால் இரண்டு கட்டைக்குக் கொஞ்சம் மேலே நின்றது. பெட்டியில் கோளாறில்லை. மார்ச் 2 அன்று பதிவு செய்த இயந்திரம் சற்று மெதுவாக ஓடியதால், சரியான வேகத்தில் திரும்பப் போடும்போது முதல் பக்கத்தின் மூன்று பாட்டும் சுருதி கூடி ஒலித்தன, அப்படியே வெளியாகிவிட்டன. முப்பது வருஷத்துக்கு மேல் உலகம் முழுக்க அப்படித்தான் கேட்டிருக்கிறார்கள். தொண்ணூறுகளில் வந்த பதிப்புகளில்தான் சரிசெய்தார்கள். வாங்குவதாக இருந்தால் புதிய பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள்.

எங்கள் கூட்டத்தில் மூன்றாவது ஆள் என் அலுவலக நண்பர், பதினைந்து வருஷம் மிருதங்கம் கற்றவர். அவர் கொண்டுவந்தது டேவ் ப்ரூபெக் குழுவின் 'டைம் அவுட்', அதே 1959, அதே 30-வது தெரு ஸ்டூடியோ. அதன் முதல் பாட்டான 'ப்ளூ ரோண்டோ ஆ லா டர்க்' ஓடும்போது அவர் வலது கை தொடையில் போட்டுக்கொண்டே இருந்தது: தக திமி தக தகிட, தக திமி தக தகிட, தக திமி தக தகிட, நாலாவதுக்கு மட்டும் தகிட தகிட தகிட. ஒன்பது எண்ணிக்கை. துருக்கியில் தெருவில் வாசித்தவர்களிடம் ப்ரூபெக் கேட்ட நடை அது. நம் ஊரில் ஒன்பதுக்கு இருக்கும் சங்கீர்ணத்தின் சொல் அதில் அப்படியே போய் உட்காருவதை முதல் தடவை நேரில் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஆனால் அவர் சொன்ன இடம் அதுவல்ல. அதே ஆல்பத்தில் எல்லாருக்கும் தெரிந்த 'டேக் ஃபைவ்', அதில் டிரம்ஸ் தனி. பால் டெஸ்மண்ட் எழுதிய பாட்டு. ஐந்து எண்ணிக்கை, தகிட தக. இரண்டு நிமிஷம் வாக்கில் டெஸ்மண்டின் சாக்சபோன் ஓய்ந்து ஜோ மொரெல்லோ ஆரம்பிக்கிறார். "நீங்க டிரம்ஸைக் கேக்காதீங்க, பியானோவைக் கேளுங்க" என்றார் நண்பர். ப்ரூபெக் அந்தத் தனி முழுவதும் அந்த ஒரே தகிட தகவை மட்டும் வாசித்துக்கொண்டே இருக்கிறார். ஒரு சங்கதிகூடச் சேர்ப்பதில்லை. மொரெல்லோ எண்ணிக்கையைத் தாண்டிப் போவார், நடுவில் சும்மா இருப்பார், ஒரு அடி அடித்துவிட்டுக் காத்திருப்பார், பியானோ அசையாது. "இப்படித் தாளம் போட்டுக்கொடுக்க ஒரு ஆள் கெடைச்சா எந்த வித்வானும் தைரியமா எங்க வேணாலும் போகலாம்" என்றார். குழுவின் தலைவர் ப்ரூபெக். தன் பேரில் வரும் ஆல்பத்தில் தன் டிரம்மருக்காகத் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் மனிதர். அந்தக் குணம் இசைக்கு வெளியிலும் இருந்தது. பேஸ் வாசித்த யூஜீன் ரைட் கறுப்பினத்தவர் என்பதால் அவரை மாற்றச் சொன்ன தென் மாநிலக் கல்லூரிகளின் கச்சேரிகளை ப்ரூபெக் வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

இந்தக் குழுவுக்கும் நமக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. 1958-ல் அமெரிக்க அரசு இவர்களைப் போலந்திலிருந்து இலங்கை வரை அனுப்பியபோது மதராஸுக்கும் வந்தார்கள். இங்கே மொரெல்லோ சந்தித்தது மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளையை. புதுக்கோட்டை பாணியின் பெரிய கை, இடது கைக்காரர், லயத்தில் அவர் போகாத இடம் கிடையாது. இருவருக்கும் பொதுவான பாஷை எண்ணிக்கை மட்டும்தான். நண்பர் இதைச் சொல்லும்போது தன் குருவைப் பற்றிச் சொல்வதுபோலக் குரல் தழைந்துபோனது.

டீச்சர் கொண்டுவந்தவை இரண்டு. ஒன்று லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கின் 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்', 1928 ஜூன் பதிவு, மூன்றே கால் நிமிஷ இசைத்தட்டு. முதல் பத்துப் பன்னிரண்டு விநாடி டிரம்பெட் மட்டும் தனியாக வானத்துக்கு ஏறி இறங்கும், எல்லாப் புத்தகமும் அதைத்தான் புகழும். டீச்சர் சொன்ன இடம் நடுவில். கிளாரினெட் தாழ்ந்த குரலில் ஒரு வரி வாசிக்கும், ஆர்ம்ஸ்ட்ராங் டிரம்பெட்டைக் கீழே வைத்துவிட்டு வார்த்தையில்லாமல் வாயால் பதில் பாடுவார். அதட்டல் இல்லை, போட்டி இல்லை, திண்ணையில் உட்கார்ந்து இரண்டு பேர் பேசிக்கொள்வதுபோல. இரண்டாவது, பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் 1960-ல் பெர்லினில் பாடிய 'மேக் தி நைஃப்'. பாதியில் சாகித்யம் மறந்துபோகிறது, மறந்துவிட்டதையே மெட்டில் போட்டுப் பாடி, கூடவே ஆர்ம்ஸ்ட்ராங்கின் கரகரத்த குரலையும் எடுத்துக்கொண்டு, பாட்டைக் கரை சேர்க்கிறார். பக்கவாத்தியம் ஒரு தட்டுகூடத் தடுமாறவில்லை. அந்தப் பதிவுக்குக் கிராமி விருதும் கிடைத்தது. டீச்சர் அதைக் கேட்கும்போதெல்லாம் முகம் முழுக்கச் சிரிப்பார், எனக்கு அதுவும் பாட்டின் ஒரு பகுதி ஆகிவிட்டது.

நாலாவது ஆள் டீச்சரின் பேத்தி, கல்லூரியில் படிக்கிறாள். எங்கள் எல்லாரையும்விடத் துணிச்சலான காது. ஜான் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' ஆல்பத்தை அவள்தான் எங்களை முழுசாக உட்கார்ந்து கேட்க வைத்தாள். 1964 டிசம்பர் 9, நியூஜெர்ஸியில் வான் கெல்டர் ஸ்டூடியோ, நாலு பகுதி. அவள் சொன்ன இடம் நாலாவது பகுதி முழுவதும். அதற்குப் பேர் 'சாம்', சங்கீதம் என்று பைபிளில் சொல்கிறோமே, அது. தாளம் கிடையாது. எல்வின் ஜோன்ஸின் டிரம்ஸ் தூரத்து இடிபோல உருண்டுகொண்டே இருக்கும், அதன்மேல் சாக்சபோன் நீளநீளமாகப் பேசும். நான் வருஷக்கணக்காகக் கேட்டது, நல்ல ஆழமான வாசிப்பு என்ற அளவில்தான். அவள் ஆல்பத்தின் உறையில் அச்சிட்டிருக்கும் கோல்ட்ரேனின் பிரார்த்தனையைக் கையில் எடுத்துக்கொண்டாள். "அண்ணா, இதைப் படிச்சுட்டே கேளுங்க" என்று வரிவரியாக விரலை ஓட்டினாள்.

கோல்ட்ரேன் அந்தப் பிரார்த்தனையைத்தான் சாக்சபோனில் வாசிக்கிறார், ஒவ்வொரு சொல்லாக, ஒவ்வொரு அசையாக. கடவுளுக்கு நன்றி சொல்லும் அடி திரும்பத் திரும்ப வருகிறது, வரும்போதெல்லாம் சாக்சபோன் அடிப்படை ஸ்வரமான ஷட்ஜத்தில் வந்து இறங்குகிறது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டே "விருத்தம்" என்றார். அந்த ஒரு சொல் எனக்கு அந்தப் பகுதியைத் திறந்து வைத்துவிட்டது. தாளமில்லாமல், சொல்லின் நீளம் சொன்னபடி, ராகத்தை வளர்த்துக்கொண்டே போய்ப் பாடுகிறோமே, அதேதான். சொல்லை மட்டும் வாயால் சொல்லவில்லை. நீங்களும் உறையின் வரிகளைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு தடவை கேளுங்கள். ஹெட்போன் இருந்தால் இன்னும் நல்லது.

கோல்ட்ரேன் 1967-ல் நாற்பதாவது வயதில் இறந்துவிட்டார். மனைவி ஆலிஸ் கோல்ட்ரேன் பியானோவும் ஹார்ப்பும் வாசித்தவர், துக்கத்தில் இருந்த அந்த நாட்களில் அவர் குருவாகக் கொண்டது சுவாமி சச்சிதானந்தரை. கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்தில் பிறந்தவர். 1971-ல் ஆலிஸ் வெளியிட்ட 'ஜர்னி இன் சச்சிதானந்தா' அவர் பேரில் வந்தது. தம்புரா மீட்டிக்கொண்டிருக்க, பேஸ் ஒரே வரியைச் சுற்றிச் சுற்றி வாசிக்க, மேலே ஹார்ப் மழைபோலக் கொட்டும். இதுவும் பேத்தி கொண்டுவந்ததுதான். டீச்சருக்குச் சொந்த ஊர் கோயம்புத்தூர், செட்டிபாளையம் என்ற பேரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

என் இடத்துக்கு வருகிறேன். இதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

1957 டிசம்பர் 8-ம் தேதி சிபிஎஸ் தொலைக்காட்சியில் 'தி சவுண்ட் ஆஃப் ஜாஸ்' என்று ஒரு நேரடி நிகழ்ச்சி. பாடகி பில்லி ஹாலிடே 'ஃபைன் அண்ட் மெல்லோ' பாடுகிறார். கறுப்பின மக்களின் துயரப் பாட்டு வகையான ப்ளூஸில் அவரே எழுதியது. உயரமான ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார், சுற்றி வட்டமாக நிற்பவர்கள் ஒவ்வொருவரும் ஒரு யுகம்: கோல்மன் ஹாக்கின்ஸ், பென் வெப்ஸ்டர், ராய் எல்ட்ரிட்ஜ், ஜெரி மல்லிகன். அந்தக் கூட்டத்தில் சாக்சபோன் வாசிக்கும் லெஸ்டர் யங்கும் இருக்கிறார். முப்பதுகளிலிருந்து பில்லிக்குச் சிநேகிதர். பில்லிக்கு 'லேடி டே' என்ற பேரை வைத்தது அவர், அவருக்கு 'ப்ரெஸ்' என்ற பேரை வைத்தது பில்லி. 1937-ல் இருவரும் சேர்ந்து செய்த இசைத்தட்டுகளைக் கேட்டால் எது குரல், எது சாக்சபோன் என்று பிரிக்கவே மனசு வராது, ஒன்று மூச்சு விடும் இடத்தில் மற்றது வந்து நிற்கும். அப்புறம் வருஷங்கள் ஓடி, இருவரும் தனித்தனியாகக் குடியிலும் நோயிலும் நொந்துபோய், இந்த நிகழ்ச்சியின்போது லெஸ்டருக்கு உடம்பு சரியில்லை.

பில்லி முதல் அடிகளைப் பாடுகிறார். பென் வெப்ஸ்டர் வாசிக்கிறார், கனமான, கரகரப்பான, அழகான வாசிப்பு. அடுத்து லெஸ்டர் எழுந்து வருகிறார். ஒரே ஒரு சுற்று, பன்னிரண்டு பார், அரை நிமிஷம் சொச்சம். வேகமாக எதுவும் இல்லை. ஒரு ஸ்வரத்தை வைக்கிறார், விடுகிறார், அடுத்ததை எடுப்பதற்கு முன் யோசிக்கிறார், அந்த யோசனையும் கேட்கிறது. கேமரா பில்லியின் முகத்துக்குப் போகிறது. உதடு ஒருபக்கமாகச் சுழிகிறது, தலை மெல்ல ஆடுகிறது, கண் லெஸ்டரை விட்டு நகரவில்லை. அவர் வாக்கியம் எங்கே போகப்போகிறது என்று தெரிந்த ஒருவர், அது சரியாக அங்கே போய்ச் சேர்ந்ததும் 'ஆமாம்' என்று தலையசைக்கிறார். அவ்வளவுதான். எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை, ஒவ்வொரு தடவையும் அந்தத் தலையசைப்பு வரும்போது தொண்டை அடைத்துக்கொள்கிறது.

1959 மார்ச்சில் லெஸ்டர் இறந்தார். நாலு மாதம் கழித்து, ஜூலை 17-ல், பில்லி.

முதல் தடவை நாங்கள் சேர்ந்து பார்த்தபோது டீச்சர், சத்தத்தை நிறுத்திவிட்டு அவள் முகத்தை மட்டும் போடு என்றார். போட்டேன். சத்தமில்லாமலே லெஸ்டரின் வாசிப்பு அந்த முகத்தில் தெரிந்தது. அன்றைக்குத்தான் நாங்கள் அதுவரை கொண்டுவந்த எல்லா இடங்களும் ஏன் பிடித்தன என்பது எனக்குப் புரிந்தது. சிம்பல் கரையும் இடம், பியானோ அசையாமல் நிற்கும் இடம், கிளாரினெட்டுக்குப் பதில் சொல்லும் இடம், எல்லாமே ஒருவர் இன்னொருவரைக் கேட்கிற இடங்கள். யார் பெரிய வித்வான் என்று ஜாஸ் ரசிகர்கள் மணிக்கணக்கில் வாதாடுவார்கள், நானும் வாதாடியிருக்கிறேன், இப்போது அதில் மனம் போவதில்லை. வாசிப்பவரைவிட, அவரைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் இருப்பவரைத்தான் தேடுகிறேன்.

போன வாரம் பேத்தியின் முறை. பில் எவன்ஸ் ட்ரயோ, நியூயார்க் வில்லேஜ் வான்கார்டில் 1961 ஜூன் 25, ஒரு ஞாயிற்றுக்கிழமை. தரைக்குக் கீழே இருக்கும் சின்ன கிளப். அன்றைய வாசிப்பிலிருந்துதான் 'சண்டே அட் த வில்லேஜ் வான்கார்ட்', 'வால்ட்ஸ் ஃபார் டெபி' என்று இரண்டு ஆல்பம் வந்தது. அவள் போட்டது 'மை ஃபூலிஷ் ஹார்ட்'. எவன்ஸ் பியானோவில் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைக்க, ஸ்காட் லஃபாரோ பேஸில் பின்னால் நின்று தாங்காமல் கூடவே நடந்து வருகிறார், பால் மோஷியன் பிரஷ்ஷால் டிரம்ஸைத் தடவிக்கொண்டிருக்கிறார். மூன்று பேரும் அப்படிக் கேட்டுக் கேட்டு வாசிக்கிறார்கள். இடம் எது என்று கேட்டோம். "வாசிக்கிறவங்க இல்ல, பின்னாடி கேளுங்க" என்றாள்.

பின்னால் கண்ணாடி டம்ளர்கள் இடிபடுகின்றன. யாரோ பேசுகிறார்கள், யாரோ சிரிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட வந்தவர்கள், பேசத்தான் செய்வார்கள். லஃபாரோவுக்கு இருபத்தைந்து வயது. அன்றைக்குப் பதினொரு நாள் கழித்து, ஜூலை 6-ல், கார் விபத்தில் போய்விட்டார். எவன்ஸ் மாதக்கணக்கில் மேடை ஏறவில்லை. அந்த அறையில் இருந்த யாருக்கும் அது தெரிந்திருக்க வழியில்லை.

அவள் இதைச் சொல்லிவிட்டு முதலிலிருந்து திரும்பப் போட்டாள். யாரும் எதுவும் பேசவில்லை. டீச்சர் காபி டம்ளரை டபராவில் வைக்கப் போனவர், வைக்காமல், பாட்டு முடியும் வரை கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார்.